கம்பெனி கூப்பிட்டது... கடிதம் எங்களுக்கு வரவில்லை!

"என்ன டீச்சர், உங்க காரை கம்பெனியே திருப்பி வாங்கிக்குதாமே? எவ்வளவு தர்றான்?"

எதிர்வீட்டு அக்கா கேட்ட கேள்வி இது. அவர் மேல் தப்பில்லை. 'இத்தனை லட்சம் கார்களைத் திரும்பப் பெறுகிறது நிறுவனம்' என்றுதான் செய்தித்தாளில் போடுகிறார்கள். படிக்கிறவர்களுக்கு என்ன தோன்றும்? வண்டியைக் கொண்டுபோய் விட்டால் கையில் செக் கொடுத்து அனுப்புவார்கள் என்றுதானே? ஜவுளிக்கடையில் சாயம் போன புடவையைத் திருப்பிக் கொடுப்பதுபோல!

ஆங்கிலத்தில் 'ரீகால்' என்கிறார்கள். 'திரும்ப அழைத்தல்' என்றால் கொஞ்சம் பொருந்தும். ஒரே மாதிரித் தயாரான வண்டிகளில் ஒரு பாகம் கோளாறானது என்று பின்னால் தெரியவந்தால், அந்த வண்டிகளைக் கூப்பிட்டு, பாகத்தைக் காசு வாங்காமல் மாற்றிக்கொடுத்து அனுப்புவது. சட்டப்படி பணத்தைத் திருப்பித் தருவதும், வேறு வண்டி தருவதும்கூட உண்டுதான். ஆனால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது இடத்தில் நடப்பது ரிப்பேர் மட்டுமே. நம்மூர் கம்பெனிகள் 'ரீகால்' என்ற சொல்லைக்கூடச் சொல்ல மாட்டார்கள். 'சர்வீஸ் கேம்பெயின்' என்பார்கள். கேட்டால் ஏதோ ஆடித் தள்ளுபடி மாதிரி இருக்கும். இந்தப் பெயர் விவகாரம் வெறும் வார்த்தை விளையாட்டு இல்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் கார் பழையது. நாங்கள் வாங்கும்போதே அதற்கு நாலு வயது. அப்பாவுக்கு மாதம் இரண்டு முறை திருச்சியில் சிகிச்சை. எழுபத்தாறு வயதில் தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் ஏறி, திருச்சியில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து என்பதெல்லாம் முடிகிற காரியமில்லை. என் கணவருக்கு வெளியூர் வேலை. அதனால் ஓட்டுவது நான்தான். டயர் பார்த்தோம், இன்ஷூரன்ஸ் பார்த்தோம், விபத்தில் அடிபட்ட வண்டியா என்று மெக்கானிக்கைக் கூட்டிப்போய்க் காட்டினோம். எல்லாம் சரி என்றார்.

முதல் தடவை நின்றது கலெக்டர் ஆபீஸ் பக்கம். சிக்னலில் நின்றபோது அப்படியே அணைந்துவிட்டது. பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றும் நடக்காததுபோலக் கிளம்பியது. எங்கள் மெக்கானிக் பாய் வந்து பார்த்தார். ஸ்பார்க் பிளக் மாற்றினார். இரண்டாவது தடவை பெட்ரோல் ஃபில்டர். அடுத்து பேட்டரி. மூன்றுக்கும் சேர்த்து 9,400 ரூபாய். பாய் கெட்டவர் இல்லை, திறமையில்லாதவரும் இல்லை. அவர் வருவதற்குள் வண்டி ஆறிவிடும். ஆறினால் கிளம்பிவிடும். நோயாளி டாக்டரைப் பார்த்ததும் இருமல் நிற்கிற கதை.

பிறகு வந்தது அந்த மே மாத ராத்திரி.

திருச்சியில் சிகிச்சை முடிய நேரமாகிவிட்டது. திரும்பும்போது எட்டரை மணி. துவாக்குடி தாண்டி, டோல்கேட் தாண்டி, செங்கிப்பட்டி நெருங்குகிறோம். எண்பதில் போய்க்கொண்டிருக்கிறேன். ஒரு சின்ன இழுப்பு, அவ்வளவுதான். இன்ஜின் சத்தம் போய்விட்டது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஒன்றுமில்லை. டாஷ்போர்டில் சிவப்பும் மஞ்சளுமாக விளக்குகள். ஸ்டீயரிங் அம்மிக்கல்லாக இறுகிவிட்டது.

ஓடும்போது இன்ஜின் அணைந்தால் என்ன ஆகும் என்பது கார் ஓட்டத் தெரிந்த பலருக்கே தெரியாது. நாம் லேசாக மிதிக்கிற பிரேக்குக்குப் பின்னால் இன்ஜின் தரும் உதவி இருக்கிறது. இன்ஜின் நின்ற பிறகு மிச்சமிருக்கும் அந்த உதவி இரண்டு, மூன்று மிதிக்குத்தான் தாங்கும். அதற்கப்புறம் பெடல் மரக்கட்டை. பிரேக் இல்லாமல் போய்விடாது; ஆனால் முழு பலத்தையும் போட்டு மிதிக்க வேண்டும். ஸ்டீயரிங்கும் அப்படித்தான். அதனால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல், வண்டி ஓடுகிற வேகத்தை வைத்தே இடப்பக்கம் ஒதுக்கி, கடைசியில் ஒரே மிதியாக மிதிக்க வேண்டும் என்பார்கள். எனக்கு டிரைவிங் சொல்லிக்கொடுத்த அக்கா அதைப் பத்து தடவை சொல்லியிருந்தார். அவருக்குக் கோடி புண்ணியம். நாலு விளக்கையும் மின்னவிட்டு, இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இழுத்து, ஓரத்து மண்ணுக்குக் கொண்டுவந்தேன். பின்னாலேயே வந்த லாரி ஹாரனை அழுத்தியபடியே கடந்தது. அந்தக் காற்றில் கார் ஆடியது. லாரியின் பின்விளக்கு கண்ணுக்கு மறைகிற வரை நான் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

பின் சீட்டில் அப்பா. கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "என்னையவிட மோசமா இருக்கும்மா இது" என்றார். அவருடைய குரல் நடுங்கியதை நான் கேட்காததுபோல இருந்துவிட்டேன்.

இருபது நிமிடம் கழித்து வண்டி தானாகக் கிளம்பியது. நாற்பதில் ஊர்ந்து வீடு வந்தோம்.

மறுவாரம் கோயம்புத்தூரிலிருந்து அண்ணன் மகன் வந்தான். கதையைக் கேட்டவன், "அத்தை, சேஸிஸ் நம்பர் போட்டுப் பாத்தீங்களா?" என்றான். கம்பெனியின் இணையதளத்திலேயே அதற்கு ஒரு பக்கம் இருக்கிறதாம். ஆர்.சி.யை எடுத்துக் கொடுத்தேன். 17 எழுத்தும் எண்ணும் கலந்த நம்பர். முதல் தடவை 'தவறான எண்' என்று வந்தது. பூஜ்யத்தை 'ஓ' என்று அடித்திருந்தான். (இந்த நம்பரில் ஆங்கில எழுத்தில் ஐ, ஓ, க்யூ மூன்றும் வரவே வராது. ஒன்று, பூஜ்யத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாதென்று உலகம் முழுக்க வைத்திருக்கும் ஏற்பாடு. நீங்கள் பார்க்கும்போது நினைவில் வையுங்கள்.) இரண்டாம் தடவை சரியாக அடித்தான்.

எங்கள் வண்டி 'கேம்பெயினில்' இருக்கிறது என்று வந்தது. பாகம், பெட்ரோல் டேங்குக்குள் இருக்கும் ஃப்யூயல் பம்ப். அறிவிப்பு வெளியான தேதியைப் பார்த்தேன். நாங்கள் வண்டி வாங்குவதற்கு ஏழு மாதம் முன்பு!

முதல் உரிமையாளருக்கு போன் போட்டேன். சென்னையில் இருக்கிறார், தங்கமான மனிதர். "மெசேஜ் வந்திருக்கலாம்மா. 'உங்கள் வாகனத்துக்கான சர்வீஸ் கேம்பெயின்'னு அடிக்கடி வரும். ஏ.சி. செக்கப், வாட்டர் வாஷ்னு ஏதாவது இருக்கும்னு அழிச்சிடுவேன்" என்றார். பெயர் விவகாரம் என்று சொன்னேனே, அது இதுதான். 'உங்கள் கார் நடுரோட்டில் நிற்கக்கூடும்' என்று நாலு வார்த்தை போட்டிருந்தால் அவர் அழித்திருப்பாரா? நமக்கு ஒரு நாளைக்கு வருகிற ஐம்பது விளம்பர மெசேஜுக்கு நடுவில், அதே தொனியில், உயிர் சம்பந்தப்பட்ட ஒரு செய்தியையும் அனுப்பினால் அது சேர வேண்டிய இடத்துக்குச் சேராது. ஆர்.டி.ஓ.வில் பெயர் மாற்றியதெல்லாம் கம்பெனிக்குத் தானாகப் போய்ச் சேர்வதில்லை. அவர்கள் கணக்கில் அது இன்னும் சென்னைக்காரர் வண்டிதான்.

இந்தியாவில் இதற்கென்று சட்டம் வந்து அதிக காலம் ஆகவில்லை. 2012-ல் வாகனத் தயாரிப்பாளர் சங்கம் தாங்களாகவே ஒரு விதி வைத்துக்கொண்டது, கட்டாயம் கிடையாது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 110ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். விதிகள் 2021 ஏப்ரல் 1-ம் தேதி நடைமுறைக்கு வந்தன. அதன்படி, ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிகளில் இத்தனை பேர் புகார் செய்தால் அரசே விசாரித்துத் திரும்ப அழைக்க உத்தரவிடலாம். அப்படிப்பட்ட கட்டாய உத்தரவு என்றால் 10 லட்சத்திலிருந்து ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். கம்பெனியே முன்வந்து கோளாறைச் சொல்லிவிட்டால் அபராதம் இல்லை. ஒளிப்பதைவிடச் சொல்வது லாபம் என்று ஆக்கியிருக்கிறார்கள். அந்த மட்டில் எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

அமெரிக்காவில் இதற்கான சட்டம் 1966-லேயே வந்துவிட்டது. வந்தும் என்ன? 2014-ல் ஜெனரல் மோட்டார்ஸ் விவகாரம் வெடித்தது. சாவி போடும் இக்னிஷன் சுவிட்ச் தளர்வாக இருந்ததால், கனமான சாவிக்கொத்து ஆடினாலே ஓடுகிற வண்டியின் இன்ஜின் அணைந்துவிடும். கூடவே ஏர்பேக்கும் செயலிழந்துவிடும். இந்தக் கோளாறால் நேர்ந்ததாக நஷ்டஈட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் மட்டும் 124. கோளாறு பற்றி உள்ளே இருந்த சிலருக்குப் பத்து வருடத்துக்கு மேலாகத் தெரியும். அந்தப் பாகத்தின் விலை ஒரு டாலருக்கும் குறைவு. செங்கிப்பட்டிக்குப் பிறகு இதைப் படித்ததால், அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

ஜப்பானின் தகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக் கதை இன்னும் பெரிது. உலகம் முழுக்கச் சுமார் 10 கோடி ஏர்பேக்குகளின் ஊதும் பாகத்தை மாற்ற வேண்டி வந்தது. வரலாற்றிலேயே பெரிய ரீகால் என்கிறார்கள். ஏர்பேக்கை நொடியில் ஊதவைக்க அவர்கள் பயன்படுத்திய அம்மோனியம் நைட்ரேட், வருடக்கணக்கில் ஈரக்காற்றும் வெயிலும் பட்டால் கெட்டுப்போய், வெடிக்கும்போது உலோகக் கூட்டையே சிதறடித்தது. காப்பாற்ற வேண்டிய பையிலிருந்து இரும்புத்துண்டு பறந்து வந்தது. 2017-ல் அந்த நிறுவனம் திவாலானது. வெயிலும் ஈரமும் சேர்ந்த ஊர்களில்தான் ஆபத்து அதிகம் என்று கண்டுபிடித்தார்கள். சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று கடற்கரை ஓரமாகவே வாழ்கிற நமக்கு இது அந்நிய ஊர்ச் செய்தி இல்லை. பழைய கார் வைத்திருப்பவர்கள், முக்கியமாகப் பத்து வருடம் தாண்டிய கார் வைத்திருப்பவர்கள், ஒருமுறை நம்பரைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

கார் மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். நம் சென்னையின் ராயல் என்ஃபீல்டு 2021-ல் இக்னிஷன் காயில் கோளாறுக்காக 2,36,966 பைக்குகளைத் திரும்ப அழைத்தது. 2022 மார்ச்சில் வேலூரில் ராத்திரி சார்ஜில் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, அந்தப் புகையில் ஒரு தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். அந்தச் செய்தியைப் படித்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அடுத்த மாதமே சில நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான மின் ஸ்கூட்டர்களைப் பரிசோதனைக்குக் கூப்பிட்டன. எல்லா ரீகாலும் ஒரே அவசரம் இல்லை. சிலவற்றுக்கு அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்கலாம். 2023 ஜனவரியில் மாருதி 17,362 கார்களின் ஏர்பேக் கன்ட்ரோலரை மாற்ற அழைத்தபோது, மாற்றும்வரை வண்டியை ஓட்டவே வேண்டாம் என்று சொன்னது. அதனால் அறிவிப்பை முழுசாகப் படிப்பது முக்கியம்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன்.

சர்வீஸ் சென்டரில் கையில் டேப்லெட்டோடு ஒரு தம்பி. என்னிடம் படித்த பையன்கள் வயதுதான் இருக்கும். "மேடம், வண்டி ஆறு வருஷம் ஆச்சு. வாரன்ட்டி முடிஞ்சிடுச்சு. பம்ப் மாத்தணும்னா பதினோராயிரம் கிட்ட ஆகும்" என்றார். போனில் எடுத்து வைத்திருந்த ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினேன். பார்த்தார். உள்ளே போனார். பத்து நிமிடம் கழித்து மேலாளரோடு வந்தார்.

வாரன்ட்டி வேறு, ரீகால் வேறு. வாரன்ட்டி என்பது விற்கும்போது கொடுக்கிற வாக்கு. காலம் முடிந்தால் அதுவும் முடிந்தது. ரீகால் என்பது கம்பெனி தன் தயாரிப்பில் பிழை இருக்கிறது என்று சொல்லிக் கூப்பிடுவது. நீங்கள் இரண்டாவது ஓனரா, மூன்றாவது ஓனரா, வெளியில் சர்வீஸ் விட்டீர்களா என்பதெல்லாம் அதில் கணக்கே இல்லை. மேலாளர் இதை மறுக்கவில்லை. "கண்டிப்பா ஃப்ரீயா பண்ணித்தர்றோம் மேடம். பார்ட் ஸ்டாக் இல்ல. வந்ததும் கூப்பிடறோம்."

எப்போது வரும்?

"கூப்பிடறோம் மேடம்."

இருபத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவளுக்கு இந்த பதிலின் அர்த்தம் தெரியும். 'நாளைக்கு ஹோம்வொர்க் கொண்டு வர்றேன் டீச்சர்' ரகம். ஜாப் கார்டு போடுங்கள் என்றேன். பார்ட் இல்லாமல் ஜாப் கார்டு போட மாட்டோம் என்றார்கள். அப்படியானால் 'இன்ன தேதியில் வண்டி வந்தது, இன்ன கேம்பெயின், பாகம் கையிருப்பில் இல்லை' என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றேன். அதற்கு ஜாப் கார்டே மேல் என்று நினைத்தார்களோ என்னவோ, போட்டுக் கொடுத்துவிட்டார்கள். கூடவே அவர்கள் கணக்கில் உரிமையாளர் பெயரையும் போன் நம்பரையும் என்னுடையதாக மாற்றச் சொன்னேன். ஆர்.சி. நகலும் ஆதாரும் கேட்டார்கள். ஐந்து நிமிட வேலை.

இரண்டு வாரம் போயிற்று. அப்பாவை டாக்ஸியில் கூட்டிப் போனேன். ஒரு நடைக்கு 2,800 ரூபாய். இந்தப் பணத்தை யாரும் தரப்போவதில்லை. மாற்று வண்டி கேட்டுப் பார்த்தேன், சிரித்தார்கள். சிரித்த முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. அன்று ராத்திரியே கம்பெனியின் தலைமை வாடிக்கையாளர் பிரிவுக்கு மெயில் எழுதினேன். தமிழில் நினைத்து, அண்ணன் மகன் ஆங்கிலத்தில் திருத்தி. கோபத்தையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டான். சேஸிஸ் நம்பர், கேம்பெயின் பெயர், ஜாப் கார்டு போட்டோ, வண்டி நின்ற தேதி, இடம், நேரம். கடைசி வரியில், பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்வேன் என்று மட்டும் இருந்தது. நாலாவது நாள் சர்வீஸ் சென்டரிலிருந்து போன். பார்ட் வந்துவிட்டதாம்!

வேலை ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. பின் சீட்டைத் தூக்கி, அடியில் இருக்கிற மூடியைத் திறந்து, டேங்கிலிருந்து பம்பை உருவி எடுத்தார் மெக்கானிக். "பாக்கறீங்களா மேடம்?" என்று பழையதைக் காட்டினார். உள்ளங்கையில் அடங்குகிற பிளாஸ்டிக் உருளை. உள்ளே பெட்ரோலைத் தள்ளுகிற சின்னச் சக்கரம், வருடக்கணக்கில் பெட்ரோலிலேயே ஊறி லேசாக உப்பிவிடுமாம். உப்பினால் கூட்டில் உரசி, சுற்றாமல் நின்றுவிடும். சூடு ஆறியதும் மறுபடி சுற்றும். பாய் வந்தபோதெல்லாம் வண்டி கிளம்பியதற்குக் காரணம் புரிந்தது. அவரிடம் போய்ச் சொன்னேன். "நல்லவேளை, என் மானம் தப்பிச்சுது டீச்சர்" என்றார்.

பில்லைக் கேட்டு வாங்கினேன். பூஜ்யம் ரூபாய்தானே, பில் எதற்கு என்றார்கள். நாளைக்கே வண்டியை விற்றால், வாங்குகிறவருக்குக் காட்ட வேண்டாமா? பூஜ்யம் ரூபாய் பில்லோடு, டெஃப்லான் கோட்டிங் 4,500 ரூபாய்க்குச் செய்து தருகிறோம் என்று ஒரு நோட்டீஸும் சேர்த்துக் கொடுத்தார்கள். தொழில் தர்மம்!

பாயிடம் கொடுத்த 9,400 ரூபாயையும் கேட்டுப் பார்த்தேன். வெளியில் செய்த வேலைக்குத் தர முடியாது என்று பதில் வந்துவிட்டது. அதை இன்னும் நான் விடவில்லை. இரண்டாவது மெயில் போயிருக்கிறது.

இதையெல்லாம் எதிர்வீட்டு அக்காவிடம் சொன்னது தெருவுக்கே பரவி, சாயந்திரமானால் ஆர்.சி.யோடு யாராவது வந்து நிற்கிறார்கள். இதுவரை பதினான்கு வண்டிகளுக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டில் ஒன்றுமில்லை. ஒரு ஸ்கூட்டிக்கு ஏதோ கேபிள் மாற்ற வேண்டியிருந்தது, மாற்றிவிட்டார்கள். பதினான்காவது, எங்கள் தெருப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற பள்ளிக்கூட வேன்.

வேன்காரருக்கு முகம் தொங்கிவிட்டது. "ஒரு நாள் ட்ரிப் போச்சுன்னா பிள்ளைங்களை யாரு டீச்சர் கொண்டு போறது? அதுவும் ஓசின்னு கூப்பிட்டுட்டு, அங்க போனதும் அது போச்சு, இது போச்சுன்னு தீட்டிடுவானுங்க" என்றார். அவர் பயம் நியாயமானது. ஓசி என்று கூப்பிட்ட இடத்தில் எத்தனை தடவை நாம் காசு கொடுத்திருக்கிறோம்! பள்ளிக்கூடம் இல்லாத சனிக்கிழமையாகப் பார்த்து முன்பதிவு செய்து கொடுத்தேன். பாகம் கையிருப்பில் இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுக்கொண்டேன். கேம்பெயின் வேலை தவிர வேறு எதையும் தொட வேண்டாம் என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள் என்றும் சொன்னேன்.

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு வேன் வாசலில் வந்து நின்றது. ஆர்.சி., ஆதார், இரண்டு நகல், எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்து வந்திருந்தார்.

"ஏறுங்க டீச்சர். ஜாப் கார்டுல எழுதச் சொல்றதெல்லாம் நீங்களே சொல்லிடுங்க."

அப்பாவுக்குக் காபி கொடுத்துவிட்டு, ஏறிக்கொண்டேன்.